எளிய மணமும் மறைவு மணமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் முதலில் கோவளத்தையும், அடுத்துத் திருவிடந்தையையும், பின்னர் மாமல்லபுரத்தையும் கடக்கின்றனர். கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் வழங்கும் தர்கா இருக்கிறது. திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில், மணம் கைகூட வேண்டி இளையோர் மாலையேந்தி வரும் தலம். இவ்வூர்களைச் சுற்றிக் கடலையொட்டி எழுந்துள்ள உல்லாச விடுதிகளில் இன்று புதுவகைத் திருமணங்கள் நடைபெறுகின்றன. ஆயிரம் பேர் அமரும் மண்டபமும் ஊர் முழுவதற்குமான அழைப்பிதழும் அவற்றில் இல்லை. மணமக்கள் தாமே தேர்ந்த சிலர் கூட, மணற்பரப்பில் பந்தலிட்டு, உடை, உணவு, அலங்காரம் அனைத்தையும் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்கின்றனர். 2022 ஜூன் 9 அன்று நடிகை நயன்தாராவும் இயக்குநர் விக்னேஷ் சிவனும் மாமல்லபுரம் அருகே கடற்கரை விடுதி ஒன்றில் மணந்தபோது இம்முறை நாடெங்கும் பேசப்பட்டது.

இன்னொரு வகைச் சிறிய திருமணமும் உண்டு. அதில் பந்தலும் இல்லை, விருந்தும் இல்லை. பெற்றோர் இசையாத நிலையில் வீட்டைவிட்டு வெளியேறிய இருவர், நண்பர் சிலர் துணையுடன் பதிவு அலுவலகத்திலோ வழக்குரைஞரின் அறையிலோ மணந்துகொள்வது அது. சங்கத் தமிழ் இதனை உடன்போக்கு என்றது.

நம் இல்லங்களின் பிள்ளைகளும் இவ்விரண்டையும் முன்வைத்து இரு கேள்விகளைக் கேட்கின்றனர். இரண்டு சாட்சிகள் போதுமென்று கிதாபுகளில் இருக்க, ஆயிரம் பேருக்குச் சோறாக்குவது எதற்கு என்பது ஒன்று. இரண்டு சாட்சிகள் போதுமென்றால், வீட்டாருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், ஷரீஅத் இவற்றுக்குத் தரும் விடைகள் வெவ்வேறானவை. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிக்காஹ்வுக்கு வேண்டியவை

நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். ஒரு தரப்பு முன்மொழிவதும் மறு தரப்பு ஏற்பதுமாகிய ஈஜாப்–கபூல் அதன் உயிர்நாடி. அதனைக் கேட்டறியச் சாட்சிகள் வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நேர்மையாளரான இரண்டு ஆண்கள் சாட்சியாக இருத்தல் வேண்டும்; ஹனஃபி மத்ஹபில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சாட்சியாக இருப்பினும் செல்லும். மஹர் மணமகளின் உரிமை. ஒப்பந்தத்தின்போது அதன் அளவு பேசப்படாவிட்டாலும் நிக்காஹ் முறியாது; அவளை ஒத்த பெண்களுக்கு வழங்கப்படும் அளவு அவளுக்குக் கடமையாகிவிடும். மணத்துக்குப்பின் அளிக்கும் வலீமா விருந்து வலியுறுத்தப்பட்ட சுன்னத்து.

மண்டபம், மேடை, ஊர்வலம், கருகமணி, பைத்து, சீர்வரிசை என்று நாம் திருமணமாகவே கருதிவரும் பலவும் இப்பட்டியலில் இல்லை. இவை வழக்காறுகள். மார்க்கம் தடுத்தவை கலவாதவரை வழக்காறுகளை விலக்க வேண்டியதில்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படைகளுள் ஒன்று. அன்சாரிகளிடையே ஒரு மணமகள் அனுப்பிவைக்கப்பட்டபோது, அம்மக்கள் களிப்பை விரும்புவோராயிற்றே, அதற்கு ஏற்பாடு இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவியதை புகாரி பதிவு செய்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் உரிய சுவைக்கு மணவிழாவில் இடமுண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்துவது விரும்பத்தக்கது என அறிஞர் பலர் கூறினும், இடம் ஒரு நிபந்தனையன்று. கடற்கரையில் நிகழ்ந்த நிக்காஹ், கடற்கரையில் நிகழ்ந்தது என்பதற்காகக் குறையுடையதாகிவிடாது.

மதீனா காட்டும் முன்மாதிரி

மக்காவைத் துறந்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் அன்சாரிப் பெண்ணை மணந்தார்கள். மஹர், பேரீச்சங்கொட்டை எடையளவு பொன். ஆடையில் படிந்திருந்த மஞ்சள் நிற நறுமணப் பூச்சைக் கண்டு வினவிய பின்னரே நபி (ஸல்) அவர்களுக்கு அச்செய்தி தெரியவந்தது. அத்துணைச் சிறிய ஊரில், அத்துணை நெருங்கிய தோழரின் மணத்துக்கு நபியவர்களே அழைக்கப்பட்டிருக்கவில்லை. அதற்காக அவர்கள் வருந்தவோ கடிந்துகொள்ளவோ இல்லை. வாழ்த்தி துஆச் செய்துவிட்டு, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு பணித்தார்கள். யாரையெல்லாம் அழைக்க வேண்டும் என்பது மணமகனின் உரிமையாகவும், மணம் நடந்ததை ஊர் அறிவது கடமைக்கு நெருங்கியதாகவும் இந்நிகழ்ச்சியில் வெளிப்படுகின்றன.

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தது கைபரிலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில். வெட்டவெளியில் தோல்விரிப்புகள் பரப்பப்பட்டு, பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் ஆகியவை வைக்கப்பட்டன. ரொட்டியோ இறைச்சியோ இல்லை. உடனிருந்தோர் உண்டனர், வலீமா நிறைவேறிற்று. இரும்பு மோதிரம்கூட இல்லாத ஒருவருக்கு, அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் பகுதிகளையே மஹராக்கி மணமுடித்து வைத்ததும் ஸஹீஹான வரலாறு.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அன்னை கதீஜா (ரலி), அன்னை பாத்திமா (ரலி) ஆகியோரின் திருமணங்கள் நகர் அலங்காரமும் பவனியுமாகப் பெருஞ்சிறப்புடன் பாடப்பட்டுள்ளன. அது தமிழ்க் காப்பிய மரபு. வரலாற்றில் அலீ (ரலி) அவர்கள் மஹராக அளித்தது தம் போர்க்கவசத்தையே. காப்பியத்தின் அழகைச் சுவைப்பதும் வரலாற்றின் எளிமையைப் பின்பற்றுவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

ஆக, முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயிரம் பேருக்குச் சோறாக்குவது நிபந்தனையன்று. பிள்ளைகள் கேட்பது நியாயம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்றிருந்த காலத்தில் முடிந்த நிக்காஹ்கள் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல என்பதை நாமனைவரும் அறிவோம்.

எளிமை வேறு, மறைவு வேறு

இரண்டாம் கேள்விக்கு வருவோம். நிக்காஹ்வைப் பகிரங்கப்படுத்துமாறும், அதன்பொருட்டுத் தஃப் கொட்டுமாறும் ஹதீஸ்கள் கூறுகின்றன. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே சாட்சியாயிருந்த நிக்காஹ் ஒன்று உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவரப்பட்டபோது, இது மறைவு மணம், இதனை நாம் அனுமதியோம் என்ற கருத்தில் அவர்கள் கண்டித்ததை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். சாட்சிகள் இருந்தும், மறைத்துவைக்குமாறு அவர்களிடம் உறுதி பெறப்பட்டிருந்தால் அந்நிக்காஹ் செல்லாது என்பது மாலிகி மத்ஹபின் நிலை. இரண்டு சாட்சிகள் வந்துவிட்டாலே மறைவு நீங்கிவிட்டது, அதற்குமேல் பகிரங்கப்படுத்துவது சுன்னத்து என்பது ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களின் நிலை. அளவில் வேறுபட்டாலும் நோக்கத்தில் அனைவரும் ஒன்றுபடுகின்றனர்.

நோக்கம் யாது? மணத்தை மறுத்துவிட்டால் முதலில் நிர்க்கதியாவது பெண். அடுத்து அவள் வயிற்றுக் குழந்தை. மஹர், ஜீவனாம்சம், வாரிசுரிமை, குழந்தையின் தந்தைவழி ஆகிய அனைத்தும் 'இவர்கள் கணவன் மனைவி' என்று சொல்லப் பிறர் இருப்பதையே சார்ந்துள்ளன. களவு மணத்தைப் பாடிய தமிழ் மரபும் இதனை உணர்ந்திருந்தது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியம் காரணம் கூறுகிறது. உடன்போக்கில் சென்றவர்களுக்குப் பெண் கொடுப்போர் இல்லாமலும் சடங்கு உண்டு என்றும் அதே நூல் விதிக்கிறது. வீட்டார் வராவிடினும் ஊரறிந்த மணம் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

செங்கல்பட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

எளிய மணம் பற்றிய தமிழகத்தின் அண்மைக்கால விவாதத்திலும் இந்நிலப்பகுதிக்குப் பங்குண்டு. 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சாதி வேறுபாடின்றித் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம், சொத்தில் சமபங்கு ஆகியவற்றைத் தீர்மானங்களாக்கியது. அவ்வியக்கத்தின் கடவுள் மறுப்பு நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் கைம்பெண் மணமும், பெண்ணின் சொத்துரிமையும், அவளே கோரிப் பெறும் குலாவும் நம் ஷரீஅத்தில் நெடுங்காலமாக இருந்துவருபவை என்பதை அத்தீர்மானங்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

புரோகிதரின்றி நடந்த அத்திருமணங்களுக்கு அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏற்புத் தந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்பது அதன் சாரம். வழக்குரைஞர் அறைகளில் கமுக்கமாக நடப்பவை முறையான திருமணங்களல்ல என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, பொது அறிவிப்பு கட்டாயமன்று என்றது. குடும்பத்தாரால் அச்சுறுத்தப்படும் இணையரைப் பொது அறிவிப்பு ஆபத்தில் தள்ளக்கூடும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சாதி மாறி மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை அறிந்தவர் எவரும் இக்காரணத்தைப் புறந்தள்ள இயலாது.

மேற்கண்ட சட்டம் இந்துக்களுக்குரியது. ஆயினும் அத்தீர்ப்பு நமக்கும் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. ஊரறியச் செய்தல் பெண்ணின் பாதுகாப்புக்காக வந்தது. ஊரறிந்தால் அவள் உயிருக்கே ஆபத்து என்ற நிலை உண்டாகுமாயின், குற்றம் மறைந்து மணந்தவர்மீது மட்டும் இல்லை. மறையச் செய்தவர்கள்மீதும் இருக்கிறது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால்

கடற்கரை விடுதி மணத்தை இவ்வளவுகோலில் வைப்போம். அதில் மறைவு இல்லை. சாட்சிகள் உண்டு, செய்தி பரவுகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று. அழைக்கப்படுவோர் குறையும்போது முதலில் விடுபடுவது யார்? பெரும்பாலும் வசதி குறைந்த உறவினரும் பக்கத்து வீட்டாரும். செல்வர் அழைக்கப்பட்டு ஏழையர் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளுள் தீயது என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழி வந்த செய்தி. ஆட்களைக் குறைத்து, ஓர் இரவுக்குப் பல இலட்சம் செலவிடுவதை எளிமை என்று அழைத்தல் பொருந்தாது. முன்னர்க் குறிப்பிட்ட திரையுலகத் திருமணத்தன்று பல ஊர்களில் எளியோருக்கு உணவளிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அழைப்பில் இடமில்லாதோருக்கு உணவில் இடம் தரவேண்டும் என்ற அவ்வெண்ணம் நாம் மறந்துகொண்டிருக்கும் ஒன்று. விடுதியின் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி, வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வாயிலில் 'குமர் காரியம்' என்று கையேந்தி நிற்கும் ஒரு தகப்பனாரின் சுமையை இறக்கிவிடும்.

இனி, வீட்டைவிட்டுச் செல்லும் மணம். இங்கு மத்ஹபுகளின் வேறுபாடு தெரிந்திருத்தல் அவசியம். கடற்கரை ஊர்களில் மிகுந்துள்ள ஷாஃபிஈகளுக்கு வலீயின்றி நிக்காஹ் இல்லை. ஹனஃபிகளிடம் பருவமடைந்த அறிவுடைய பெண் தானே ஒப்பந்தம் செய்தல் கூடும். ஈடற்ற இடத்தில் மணந்தால் வலீ முறையிடலாம். இவ்வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு வசதிக்கேற்ப மத்ஹப் மாறுவோரும் உளர். அவர்களைக் கண்டிக்கும் நாம், வலீக்கு விதிக்கப்பட்டுள்ள எல்லையையும் அதே குரலில் சொல்ல வேண்டும்.

மஅகில் இப்னு யஸார் (ரலி) அவர்கள், மணவிலக்கான தம் சகோதரி முன்னாள் கணவரையே மீண்டும் மணக்க விரும்பியபோது, கூடாதென்று ஆணையிட்டுத் தடுத்தார்கள். அவ்வாறு தடுக்கலாகாது என்று அல்பகராவின் 232ஆம் வசனம் இறங்கிற்று. கேட்டவுடன் அவர்கள் இணங்கி மணமுடித்து வைத்தார்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணியைத் தந்தை அவர் விருப்பமின்றி மணமுடித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அம்மணத்தையே ரத்துச் செய்தார்கள். தகுதியான வரனைத் தக்க காரணமின்றி வலீ மறுப்பதை ஃபுகஹாக்கள் 'அழ்ல்' என்பர். ஷாஃபிஈ மத்ஹபிலும் அந்நிலையில் வலீயின் பொறுப்பைக் காழி ஏற்று மணமுடித்து வைப்பார். ஓடிப்போகாமலேயே நியாயம் பெறுவதற்கு ஷரீஅத் அமைத்த வாசல் இது.

அவ்வாசல் நம் ஊர்களில் திறந்திருக்கிறதா? 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டப்படி நியமிக்கப்படும் காழிக்கு நீதிமன்ற அதிகாரம் இல்லை. பெரும்பாலான மஹல்லாக்களில் பெண்ணின் முறையீட்டைக் கேட்கும் ஏற்பாடும் இல்லை. கைக்கூலி கேட்டு நிற்கும் வரனுக்குத் தலையசைக்கும் ஜமாஅத், எதுவும் கேட்காமல் வரும் தகுதியான வரனைக் குலத்தின் பெயரால் தந்தை மறுக்கும்போது வாய் திறப்பதில்லை. மகள் சென்றபின் கூடுகிறது. நிக்காஹ் தஃப்தரில் இடமில்லை என்று தீர்மானிக்கிறது. பதிவு மறுக்கப்படுவதால் நடந்த மணம் இல்லையென்றாகிவிடாது. பின்னாளில் தன் உரிமையை நிலைநாட்ட அப்பெண்ணிடம் இருந்திருக்கக்கூடிய சான்றுதான் இல்லாமற்போகிறது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எல்லாச் சமயத்தார்க்கும் திருமணப் பதிவு கட்டாயம் என்பதையும், 90 நாட்களுக்குள் அதனைச் செய்ய வேண்டும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளுதல் நன்று.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. பள்ளிவாசலில் கட்டணமின்றி, பேரீச்சம்பழமும் நீரும் மட்டும் வழங்கி நிக்காஹ் முடித்துக்கொள்ள விரும்பும் எவருக்கும் அவ்வசதி இருத்தல் வேண்டும். தஃப்தரில் கையொப்பமாகும் முன், மணமகளின் சம்மதத்தை, அவள் தயங்காது பேசக்கூடிய சூழலில் நேரில் கேட்டறிதல் வேண்டும். வீட்டில் மறுக்கப்பட்ட இளையோர் அச்சமின்றி வந்து சொல்ல, ஆலிம்களும் அறிந்த பெண்மணிகளும் அடங்கிய ஒரு குழு ஒவ்வொரு மஹல்லாவிலும் அமைதல் வேண்டும். பெற்றோரிடம் பேச யாரேனும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை பிறந்துவிட்டால், இரவில் பேருந்து ஏறும் பிள்ளைகளுள் பலர் பகலில் பள்ளிவாசலுக்கு வருவர்.

செலவு சுருங்கட்டும், செய்தி பரவட்டும், பெண்ணின் சம்மதம் தெளிவாகட்டும். இம்மூன்றும் கூடிய நிக்காஹ் மாமல்லபுரத்து மணலில் நடந்தாலும் மஹல்லாப் பள்ளியில் நடந்தாலும் பரக்கத் உடையதாகும், இன்ஷா அல்லாஹ்.