பூச்சுக்கு முன் ஒரு குழாய்

கெல்சென்கிர்ச்சனில் வீட்டு விலை ஜெர்மனியின் பெருநகரங்களைவிடக் குறைவு. விலை குறைந்த வீடுகளில் பலவும் சுரங்கத் தொழிலாளர் காலத்துச் செங்கல் கட்டடங்கள். அப்படி ஒரு வீட்டில் பழைய மின்கம்பிகளை உருவி எடுப்பதைப் போன வாரம் பார்த்தோம். சுவர் இப்போது திறந்து கிடக்கிறது. இணையத்துக்கு வழி போடவும் இதுவே நேரம். பூச்சு காய்ந்து வண்ணமும் அடித்தபின் சுவரை மறுபடி உடைக்க யாருக்கும் மனம் வராது.

“வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு?” என்று கேட்பார்கள். இங்கே இணைய இணைப்பு பெரும்பாலும் நிலவறை வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. பல பழைய வீடுகளில் நிலவறைக்கு மேல் இரும்பு உத்தரங்களும் அவற்றுக்கு நடுவே செங்கல் வளைவுகளும் இருக்கும். அதற்கும் மேலே கனத்த சுவர்கள். கீழே வைத்த ரவுட்டரின் அலை மாடியறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓய்ந்துவிடும். ரிப்பீட்டர் செருகினாலும், அது ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதாக இருந்தால் வேகம் பாதியாகிறது. தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்து, அதற்கு நிலவறையிலிருந்து நேராக ஒரு லேன் கேபிள் கொடுப்பதுதான் நிலையான ஏற்பாடு. அந்தக் கருவிக்கான மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பலாம். கூரையடியில் தனி பிளக் பாயிண்ட் வேண்டியதில்லை.

நிலவறையிலிருந்து மாடிக்கு எந்த வழியாக ஏறுவது? இந்த ஊர் வீடுகளில் அதற்குப் பெரும்பாலும் ஒரு வழி தயாராகவே இருக்கிறது: புகைபோக்கி. சுரங்கத் தொழிலாளிக்குக் கூலியோடு நிலக்கரியும் கிடைத்த ஊர் இது. கரியடுப்பு எரித்துத்தான் வீட்டைச் சூடாக்கினார்கள். இவ்வூரின் ஹூகோ நிலக்கரிச் சுரங்கம் 2000-இல் மூடப்பட்டது. 2018 டிசம்பரில் அருகிலுள்ள பொட்ரோப்பில் ரூர் பகுதியின் கடைசிச் சுரங்கமும் நின்றது. பயன்படாமல் நிற்கும் புகைபோக்கி நிலவறையிலிருந்து கூரை வரை நேராக ஏறுகிறது. சுவரை வெட்டாமலே எல்லாத் தளத்துக்கும் குழாய் கொண்டுபோகலாம். எந்த அடுப்பும் கொதிகலனும் அதில் இணைக்கப்படவில்லை என்று புகைபோக்கி ஆய்வாளரிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் குழாய் வெளிவரும் துளைகளைத் தீ பரவாதபடி அடைப்பதும் கட்டாயம்.

புகைபோக்கியிலிருந்து அறைக்குப் போகச் சுவரில் காடி வெட்டத்தான் வேண்டும். இங்கே அவசரம் கூடாது. நகரத்தின் அடியில் தோண்டியதால் நிலம் அமிழ்ந்து, வீடுகள் சாய்ந்து, சுவர்கள் விரிசல் விட்ட வரலாறு உண்டு. விரிசல் ஓடிய சுமைதாங்கிச் சுவரில் கிடைமட்டமாகக் காடி வெட்டுவதற்கு முன் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். ஜெர்மன் விதிப்படி கம்பிகள் போகும் பட்டைகள் வரையறுக்கப்பட்டவை: கதவு நிலையிலிருந்தும் அறை மூலையிலிருந்தும் 10 முதல் 30 செ.மீ. வரை செங்குத்தாக. நாளை யாரோ ஆணி அடிக்கும்போது அங்கே கம்பி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே!

கேபிளைச் சுவரில் நேராகப் புதைக்காதீர்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. 25 மி.மீ. வளையும் குழாயைப் புதையுங்கள், கேபிள் அதற்குள் போகட்டும். சுவர் இன்னும் நூறு வருடம் நிற்கும்; கேபிள் அத்தனை காலம் தாங்காது. இன்று செம்புக் கேபிள் போதும்: கேட் 6ஏ தரம் 100 மீட்டர் வரை நொடிக்கு 10 கிகாபிட் கடத்தும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிளைத் தொடவே வேண்டாம். நாளை ஃபைபர் வரும்போது பழையதை உருவிப் புதியதை இழுத்துவிடலாம். பிப்ரவரி 12, 2026-க்குப் பிறகு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் புதுக் கட்டடங்களும், பெரிய அளவில் புதுப்பிக்கப்படும் கட்டடங்களும் உள்ளே ஃபைபருக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அந்தச் சட்டம் தொடாத சிறு வேலையாக இருந்தாலும் குழாயை விடாதீர்கள்.

அறைக்கு அறை சங்கிலியாகத் தொடுக்காமல், ஒவ்வொரு அறைக்கும் நிலவறையிலிருந்து தனித்தனியாக இழுங்கள். இரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பூச்சுக்காரர் வருவதற்கு முதல் நாள், அளவுநாடாவைச் சுவரில் வைத்துப் படம் எடுங்கள். காலியாக விட்ட குழாய்களுக்குள் போட்டிருக்கும் இழுகயிற்றை ஒரு முனையில் இழுத்துப் பாருங்கள். மறுமுனை அசைய வேண்டும். அசையாவிட்டால் குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. அதை அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: மரத் தரை.