செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பித்தல்

செட்டிநாட்டு வீடுகள் என்பவை, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் ஆகும். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோ உலக மரபுக் களங்களின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவ்வீடுகளை இக்கால வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றும்போது கவனிக்க வேண்டியவை கீழே விளக்கப்படுகின்றன.

அமைப்பு

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். வளவின் நடுவிலுள்ள திறந்த முற்றம் வெளிச்சம் தருகிறது. சூடான காற்று அதன் வழியே மேலேறி வெளியேறுகிறது. தூசிக்கும் குரங்குக்கும் அஞ்சி முற்றத்தைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மூடினால் வீடு புழுங்கும். கம்பி அழியும் வலையும் போதும்.

சுவர்

செங்கல் சுவர்களின் மேல் சுண்ணாம்புப் பூச்சு உள்ளது. இப்பூச்சின் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் ஆவியாகி வெளியேறும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, அருகிலுள்ள பழைய பூச்சும் உதிரும். ஆகவே முதலில் ஓட்டுக் கூரையின் ஒழுக்கை நிறுத்தி, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புக் கலவையையே பூச வேண்டும்.

குளியலறையும் மின்சாரமும்

குளியலறைகளைப் பின்கட்டில் ஒரே பக்கமாக அமைப்பது நல்லது. குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி பொருத்தினால் கசிவு உடனே தெரியும். மறைந்த கசிவு தேக்கு மரத்துக்குக் கறையானை வரவழைக்கும். மின்கம்பிகளையும் பூச்சைக் கொத்தாமல் சுவரின் மேலேயே கொண்டுசெல்லலாம்.

விரிவாக்கம்

புதிய அறைகளைப் பின்புறக் காலி இடத்தில், தனி அடித்தளத்தில் கட்ட வேண்டும். அவற்றின் சுமை பழைய சுவரில் இறங்கக் கூடாது. பிற்காலத்தில் அகற்றினாலும் பழைய வீடு குறையின்றி நிற்க வேண்டும்.

பங்காளிகளின் ஒப்புதல்

ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பதும், அவர்கள் பல ஊர்களில் வாழ்வதும் வழக்கம். யார் செலவு செய்வது என்று முடிவாகாமல் ஒரு மழைக்காலம் கடந்தால், உடைந்த ஓட்டின் கீழ் உத்தரம் நனைந்து உளுக்கத் தொடங்கும். அப்படிச் சிதைந்து இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. எனவே புதுப்பித்தலின் முதல் வேலை, ஆண்டுதோறும் ஓடு மாற்றுவதற்கான பொதுச் செலவுக்குப் பங்காளிகள் ஒப்புக்கொள்வதே ஆகும்.