பழைய டிராக்டர் வாங்குமுன் ஆர்.சி.யைக் கேளுங்கள்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் சமயத்தில் பழைய டிராக்டர்கள் பல கைமாறுகின்றன. எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

பயிற்சி முகாமுக்கு வந்த விவசாயி ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னார். பக்கத்து ஊர்க்காரரிடம் முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு டிராக்டரை ஓட்டி வந்துவிட்டார். "ஆர்.சி. வீட்டில்தான் இருக்கிறது, தேடித் தருகிறேன்" என்றாராம் விற்றவர். பிறகு விசாரித்தால், வண்டி அவருக்கும் முந்தியவர் பெயரிலேயே இருந்தது. அந்த முந்தியவரோ காலமாகிவிட்டார். வாரிசுகளைத் தேடிப் பிடித்து, முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கும், பிறகு தம் பெயருக்கும் மாற்றி முடிப்பதற்குள் அடுத்த உழவுப் பருவமும் போய்விட்டது.

முத்திரைத் தாள் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. ஆர்.சி. தொலைந்திருந்தால் நகல் கேட்கும் உரிமை பதிவு உரிமையாளருக்கே உண்டு. வாங்குபவர் கேட்டுப் பெற முடியாது. ஆகவே பணம் கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுடன் ஒத்திருக்க வேண்டும். எண் ராவப்பட்டிருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

2. ஆர்.சி. தொலைந்திருந்தால், உரிமையாளர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, படிவம் 26-இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நகல் பெற்றுத் தரட்டும்.

3. வங்கிக் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐ வங்கியின் கையொப்பத்துடன் வாங்கி, அப்பதிவை நீக்கச் செய்யுங்கள்.

4. டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். கெடு முடிந்திருந்தால் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

5. டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

6. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. விற்ற 14 நாட்களுக்குள் விற்றவரும், 30 நாட்களுக்குள் வாங்கியவரும் தெரிவிக்க வேண்டும்.

பதிவு நாள், கெடு, கடன் முதலிய விவரங்களை வண்டி எண்ணைக் கொடுத்துப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. யாரோ ஓட்டிய வண்டிக்காக உங்கள் நிலத்தை விற்று ஈடுகட்டும் நிலை வரலாம்.

பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது நலம். நல்ல ஆர்.சி. இல்லாத டிராக்டர், பட்டா இல்லாத நிலத்தைப் போன்றது. உழலாம், ஆனால் நிம்மதி இராது.