திறந்த எஞ்சினில் எதை மாற்றுவது, எதை விடுவது

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் எஞ்சின் வேலை ஒன்றோடு முடிவது அரிது. டைமிங் பெல்ட் மாற்ற விட்ட வண்டிக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வரும்: "சார், எப்படியும் கழட்டியாச்சு, வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாத்திடலாமா?" கிளட்ச் மாற்றப் போன இடத்தில் ஆயில் சீல் கசிவது தெரியவரும். ஹெட் கேஸ்கெட் போன வண்டியில் வால்வு, ரிங், பிஸ்டன் என்று பேச்சு நீளும். இப்படிச் சொல்லப்படும் கூடுதல் வேலைகளில் சில கட்டாயம் செய்ய வேண்டியவை, சில வீண் செலவு. மெக்கானிக்கை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியாகவே பலர் இதைப் பார்க்கிறார்கள். உண்மையில் இது பெரும்பாலும் கூலிக் கணக்கும் அளவெடுக்கும் வேலையும் சார்ந்தது.

முதலில் டைமிங் பெல்ட். கிராங்க் தண்டின் சுழற்சியோடு வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை இணைப்பது இந்தப் பல்வைத்த ரப்பர் பெல்ட். மாருதி 800, பழைய சான்ட்ரோ, ரெனோ டஸ்டர் டீசல், பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் ஆகியவை பெல்ட் வண்டிகள். மாற்ற வேண்டிய தூரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 60,000 கி.மீ. என்று சொல்லும் கையேடும் உண்டு, லட்சத்தைத் தாண்டிச் சொல்வதும் உண்டு. ரப்பர் என்பதால் ஆண்டுக் கணக்கும் சேர்த்தே தரப்பட்டிருக்கும். குறைவாக ஓடிய கார் என்பதற்காகப் பத்தாண்டுப் பழைய பெல்ட்டை விட்டுவைப்பது ஆபத்து. ஓடும்போது பெல்ட் அறுந்தால், டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றிலும் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றிலும் மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் உடையும். சில ஆயிரம் ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டதற்கு எஞ்சினையே பிரிக்க நேரும்.

பல எஞ்சின்களில் இதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. பம்ப்பின் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் அறும். பம்ப் கசிந்தால் கூலண்ட் பெல்ட்டை நனைத்துக் கெடுக்கும். பம்ப்பை மட்டும் பிறகு மாற்றுவதற்கும் முன்பக்கம் முழுவதையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் பேரிங், கேம், கிராங்க் முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே கூலியில் முடிப்பதே சரி. குளியலறைத் தரையைப் பெயர்த்துக் குழாய் மாற்றுகிறவர், துருப்பிடித்த ஒரு வளைவை மட்டும் உள்ளே விட்டு ஓடு பதிப்பதில்லை. பம்ப் தனி பெல்ட்டில் வெளியே ஓடும் எஞ்சினில் இந்த நியாயம் பொருந்தாது. அங்கே கசிவோ சத்தமோ இல்லாத பம்ப்பை விட்டுவிடலாம்.

செயின் உள்ள எஞ்சின்களுக்குக் கணக்கு வேறு. மாருதியின் கே வரிசை பெட்ரோல் எஞ்சின்களும், ஸ்விஃப்ட் முதல் இண்டிகா விஸ்டா வரை பல வண்டிகளில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலும் செயின் வகை. இவற்றுக்குப் பொதுவாகக் குறித்த தூரத்தில் மாற்றும் கட்டாயம் இல்லை. செயினின் ஆயுள் ஆயிலைப் பொறுத்தது. ஆயில் மாற்றத் தவறிய எஞ்சினில் செயின் நீளும், டென்ஷனர் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் கடகடவென்ற ஒலி, ஸ்கேனரில் கேம், கிராங்க் பொருத்தப் பிழை ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாத செயினை, தூரம் கூடிவிட்டது என்பதற்காக மட்டும் தொட வேண்டியதில்லை.

கிளட்ச் வேலையில் முடிவெடுப்பது எளிது. கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. ரிலீஸ் பேரிங்கையும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். சீலின் விலை கூலியோடு ஒப்பிட்டால் அற்பம்.

பெரிய குழப்பம், எஞ்சின் பிளாக்குக்கும் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில் தொடங்குகிறது. கூலண்ட் குறைந்துகொண்டே போவது, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறுவது ஆகியவை கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடுவது தவறு. இன்றைய அலுமினிய ஹெட்டுகள் ஒருமுறை அதிகம் சூடேறினாலே வளையக்கூடும். நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். பொறுக்கத்தக்க அளவு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான். அளவு மீறினால் லேத் பட்டறையில் முகம் சீவ வேண்டும், விரிசல் சோதனையும் செய்ய வேண்டும். ஹெட் கையில் இருக்கும்போது வால்வு ஸ்டெம் சீல்களை மாற்றி, வால்வு இருக்கைகளைத் தேய்த்துப் பொருத்துவது நல்ல செலவு. பல எஞ்சின்களின் ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் வகை. பழையவற்றைத் திரும்பப் போட்டுச் சேமிப்பது பொய்க் கணக்கு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கூடுதல் வேலை, எஞ்சின் ஏன் சூடேறியது என்று கண்டுபிடிப்பது. ரேடியேட்டர் அடைப்பு, ஓடாத ஃபேன், தேய்ந்த பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் போட்ட புது கேஸ்கெட் மீண்டும் போகும். தமிழ்நாட்டில் கூலண்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்தத் தண்ணீர் ரேடியேட்டரின் குழாய்களில் படிந்து அடைக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் கேடான வழக்கம். எஞ்சின் தன் உரிய வெப்பத்தை எட்டாமலே ஓடும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும்.

ஹெட் திறந்திருக்கும்போது அடுத்த கேள்வி வரும்: "ரிங், பிஸ்டனும் போட்டுடலாமா?" பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ரிங் தேய்ந்ததா என்பதற்கு விடை சொல்ல வேண்டியது அளவீடு, அதுவும் ஹெட்டைக் கழற்றும் முன்பே எடுத்த அளவீடு. கம்ப்ரெஷன் சோதனையில் நல்ல பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும், டீசல் 350க்கு மேல் காட்டும். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சோதிக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. காற்றை உள்ளே செலுத்திக் கசிவைப் பார்க்கும் சோதனை இன்னும் தெளிவானது. ஆயில் மூடி வழியே காற்று வந்தால் ரிங், சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

ஆயில் எரிவதால் வரும் நீலப் புகை என்றதும் ரிங் என்று முடிவுகட்டுவது அவசரம். நெடுநேரம் நின்ற பின் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வரும் நீலப் புகை பெரும்பாலும் வால்வு சீல் சம்பந்தப்பட்டது. டர்போ வண்டியில் டர்போவின் சீலே ஆயிலை விடலாம். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்தாலும் ஆயில் மேலேறும். மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரெஷன்' என்று சொல்லும் நிலை, அதாவது ஆயில் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்தோடு வெளியேறுவது, ரிங் தேய்மானத்துக்கு வலுவான சாட்சி. அதையும் கம்ப்ரெஷன் கேஜ் அளவோடு சேர்த்தே ஏற்க வேண்டும். ஆயில் கொஞ்சம் குறைவது மட்டும் எஞ்சினைப் பிரிக்கக் காரணமாகாது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று சொல்லும் கையேடுகளே உண்டு.

சோதனை ரிங் தேய்மானத்தை உறுதிசெய்தால் அரைகுறை வேலை கூடாது. சிலிண்டர் சுவரை போர் கேஜால் அளந்து, முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் சுவரைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். தேய்ந்த போரில் புது ரிங் மட்டும் போட்ட எஞ்சின் சில மாதங்களில் பழையபடி ஆயில் குடிக்கும். பேரிங், ஆயில் பம்ப், கிராங்க் அளவு எல்லாம் சேர்ந்ததுதான் முழு ஓவர்ஹால்.

அந்தச் செலவு தகுமா என்பது காரின் மற்ற பாகங்களின் நிலையையும், இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டுவோம் என்பதையும் பொறுத்தது. உதாரணமாக 80,000 ரூபாய் ஓவர்ஹால் செய்து நான்கு ஆண்டு ஓட்டினால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,670 ரூபாய். மாறாக வேறு கார் வாங்க 5 லட்சம் ரூபாய் கடன் எடுத்து, 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை 10,400 ரூபாயை ஒட்டி வரும். காரின் சந்தை விலையைவிட ரிப்பேர் அதிகம் என்ற ஒரே காரணத்தால் வேண்டாம் என்பவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. ஆனால் ஓராண்டுக்குள் விற்கப்போகும் வண்டிக்கு ஓவர்ஹால் வேண்டாம், போட்ட பணம் விலையில் திரும்பாது. கடலோர ஊரில் ஓடி அடித்தட்டு துருவேறிய காருக்கும் வேண்டாம். ஆர்.சி. முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகி, பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுவதால், புதுப்பிப்பு நெருங்கும் வண்டி அதற்கான தகுதிச் சோதனையில் தேறுமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய எஞ்சினை மாட்டுவது மலிவான மாற்று வழி. அதன் முந்தைய வாழ்க்கை யாருக்கும் தெரியாது என்பதால், மாட்டும் முன் அதற்கும் கம்ப்ரெஷன் சோதனை கேட்க வேண்டும். எஞ்சின் எண் ஆர்.சி.யில் பதிவானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி அந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் விற்கும்போதும் விபத்துக் காப்பீடு கேட்கும்போதும் சிக்கல் வரும்.

எஞ்சினைத் திறக்கும் முன் சோதனை அளவுகளையும், திறந்த பின் மாற்றவேண்டிய பாகங்களின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஓவர்ஹால் முடிந்த எஞ்சினை முதல் 1,000 கி.மீ. வரை அதிக வேகமும் பாரமும் இல்லாமல் ஓட்டி, அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பெல்ட் மாற்றிய தேதியையும் அன்றைய கி.மீ. அளவையும் எழுதி போனட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த பெல்ட்டின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.