பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் முதல் பழி பேட்டரி மேல்தான் விழும். அடுத்த பழி பிளக் மேல். இரண்டையும் மாற்றிக் காசைக் கரைத்த பிறகுதான் பலர் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்கள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, "பெட்ரோல் வாடையும் கொஞ்சம் வருது" என்பார்கள். முதலில் சொல்ல வேண்டியது அதுதான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது, கூடவே வாடையும் அடிக்கிறது என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

திண்டுக்கல்லில் கார்புரேட்டர் வண்டிகளைப் பார்ப்பதுதான் என் தொழில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொண்ணூறுகளில் வாங்கிய மாருதி 800-ஐ இன்னும் ஓட்டுகிறார். "காலைல ஒரே செல்ஃப்ல எடுத்துக்குது தம்பி. மார்க்கெட்ல நிறுத்திட்டுக் கால் மணி நேரம் கழிச்சு வந்தா அடம் பிடிக்குது. உள்ள உட்கார முடியல, அவ்வளவு வாடை" என்றார். வேறொரு இடத்தில் அவருக்குப் புது பேட்டரியும் மூன்று புது பிளக்கும் போட்டிருந்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது.

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சோக் இருப்பதே அதற்காகத்தான். அதனால் பெட்ரோல் கொஞ்சம் மிகுதியாக இறங்கும் கோளாறு காலையில் வெளியே தெரியாது. சூடான இன்ஜினுக்கு அந்த மிகுதி ஆகாது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் ஏறிக் காற்று குறைந்தால் பிளக் நனையும், தீப்பொறி வந்தாலும் பற்றாது.

அவர் வண்டியின் பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றும் கறுத்து, ஈரமாக, பெட்ரோல் நாறின. இந்த ஒரு சோதனையிலேயே வழி பிரிந்துவிடும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் வருகிறது, அல்லது தீப்பொறி இல்லை. பிளக் காய்ந்திருந்து, வாடை மட்டும் வந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகாமல் வழியில் எங்கோ கசிகிறது. அப்போது டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒவ்வொரு ஹோஸாக, ஒவ்வொரு கிளிப்பாகப் பார்க்க வேண்டும்.

தலைமையாசிரியரின் வண்டியில் தீப்பொறி நன்றாக இருந்தது. கார்புரேட்டரைத் திறந்தேன். அதன் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் ஃப்ளோட் மேலே மிதந்து, ஒரு நீடிலை அழுத்திப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அந்த நீடிலின் முனையில் மோதிரம் போலத் தேய்மானம் விழுந்திருந்தது. வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் குழாயில் நிற்கும் பெட்ரோல் விரிகிறது. சரியாக அடைக்காத நீடிலைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. இரவு முழுக்க நின்றால் ஆவியாகிப் போய்விடும், காலையில் சுவடே இருக்காது. நீடிலும் அது உட்காரும் சீட்டும் புதிதாகப் போட்டோம். பேட்டரி விலையில் அது சிறு பங்குதான்.

அதே இடத்தில் ஓட்டை விழுந்த ஃப்ளோட்டையும் பார்த்திருக்கிறேன். காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்புவது கேட்கும். டேங்கிலிருந்து வந்த துருத் துகள் ஒன்று நீடிலில் மாட்டினாலும் இதே கதைதான்.

பழைய மாருதியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே ஓடும். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரலாம். ஆயில் கேஜை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை தூக்கினாலோ வண்டியை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

பைக்கில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. நீடில் சரியாக அடைக்காவிட்டால் இரவெல்லாம் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையில் சொட்டும். பெட்ரோல் டேப் உள்ள பழைய வண்டியை நிறுத்தும்போது டேப்பை மூடுகிற பழக்கம் எங்கள் அப்பா காலத்தில் எல்லோருக்கும் இருந்தது. அதை விட்டது பெரிய தவறு என்றே சொல்வேன்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் கால ரப்பர் இதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. ஊறிப் போகும், பிறகு வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது நல்லதல்ல. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

இன்ஜெக்‌ஷன் உள்ள பிந்தைய கார்களிலும் இந்தப் புகார் வரும். அங்கே ஒழுகும் இன்ஜெக்டரோ, பிரஷர் ரெகுலேட்டரோ காரணமாக இருக்கலாம். வேக்குவம் ஹோஸ் உள்ள ரெகுலேட்டர் என்றால், அந்தச் சின்ன ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

கார்புரேட்டர் காரை வழியில் எடுக்க முடியாமல் வாடை அடித்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதியிலும் இன்னும் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். முதலில் பானெட்டைத் திறந்து, வெளியே எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் சாவியைத் தொடாதீர்கள். சொட்டாவிட்டால் சற்று நேரம் விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக அடிவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். காற்று உள்ளே போய் ஈரத்தை இழுத்துவிடும்.

வண்டி வீட்டில் நிற்கும்போதும் ஆபத்து உண்டு. வீடு சின்னது என்பதால் படிக்கட்டுக்கு அடியில், ஈபி மீட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் பைக்கை நிறுத்துகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படர்ந்து அறைக்குள் நுழையும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், ஒரு சிறு பொறியில் தீப்பிடிக்கும். கசிவைத் தேடத் தீக்குச்சி கிழிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன், டார்ச் போதும். வாடை வரும் வண்டியை, கோளாறு சரியாகும் வரை தயவுசெய்து வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள்.