நாலாவது படிக்கிற பிள்ளைக்கு ரெண்டாவது பாடமா? ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பறையில் நடப்பது என்ன? பெற்றோர் கவனிக்க வேண்டியது எது?

ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கிறார் அம்மா. நாலாம் வகுப்பு. ஆனால் பயிற்சி நூலில் சின்னச் சின்ன வாக்கியங்கள், எளிய கூட்டல், கழித்தல். “நாலாவது போயிட்டான், இன்னும் இதையா சொல்லிக் கொடுக்கிறாங்க?” என்ற கேள்வி வருவது இயல்பு.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என எந்த ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியாக இருந்தாலும் இதற்கான பதில் ஒன்றுதான். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பது வேறு, எந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு. இரண்டாவதைப் பார்த்துப் பாடம் நடத்துவதற்காகக் கொண்டுவரப்பட்டதுதான் ‘எண்ணும் எழுத்தும்’.

திட்டம் எப்படி வந்தது?

கொரோனா காரணமாக 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் 1-ம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஒன்றரை வருடத்துக்கும் மேல் வகுப்பறையையே பார்க்காத குழந்தைகள், எழுத்து கூட்டிப் படிக்கவே தடுமாறினார்கள். அந்த இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இந்தத் திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. 2023-24 கல்வியாண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

அரும்பு, மொட்டு, மலர் என்றால்?

* அரும்பு: 1-ம் வகுப்பு நிலை. எழுத்துகளையும் எண்களையும் அறிமுகம் செய்துகொள்வது.
* மொட்டு: 2-ம் வகுப்பு நிலை. சொற்களையும் சிறு வாக்கியங்களையும் படிப்பது.
* மலர்: 3-ம் வகுப்பு நிலை. பத்தியைப் படித்துப் பொருள் புரிந்துகொள்வது.

ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பிள்ளைகள் மூன்று நிலையில் இருக்கலாம். நாலாம் வகுப்பிலும் இதே அணுகுமுறைதான். படிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் நாலாம் வகுப்பு அறிவியல் பாடத்தை நேராகக் கொடுத்தால் மனப்பாடம் மட்டும்தான் நடக்கும். அதனால் முதலில் வாசிப்பு, பிறகு பாடம். கதை, பாட்டு, அட்டை, விளையாட்டு என வகுப்பு சத்தமாக இருப்பதும் இதனால்தான். “பாட்டு பாடிட்டே இருக்காங்க, பாடம் நடத்தல” என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டுதான் அன்றைய பாடம்.

ஏன் நாலாம் வகுப்பு முக்கியம்?

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. ஃபெயிலாக்கினால் பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடும் ஆபத்து இருப்பதால் மாநில அரசு இதைத் தொடர்கிறது. ஆனால் இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளை பாஸ் ஆகிக்கொண்டே போவதால், அதற்குப் படிக்கத் தெரியுமா என்பது ரிப்போர்ட் கார்டைப் பார்த்தால் மட்டும் தெரியாது.

தொடக்கப் பள்ளி 5-ம் வகுப்போடு முடிகிறது. ஆறாவதில் புது ஸ்கூல், பாடத்துக்கு ஒரு டீச்சர். அங்கே உட்கார்ந்து எழுத்து கூட்டச் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது. பின்தங்கிய 6 முதல் 9-ம் வகுப்பு மாணவர்களுக்காக 2025-26-ல் ‘திறன்’ என்ற தனிப் பயிற்சியையே அரசு தொடங்க வேண்டி வந்தது. அந்த நிலைக்குப் போகாமல் தடுக்க நாலாவது, ஐந்தாவது என்ற இந்த இரண்டு வருடங்கள்தான் வாய்ப்பு.

இந்த வருடம் என்னென்ன நடக்கும்?

முதல் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்றாம் பருவம் ஜனவரி முதல். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம். பருவத்தின் நடுவில் வளரறி மதிப்பீடு, கடைசியில் தொகுத்தறி மதிப்பீடு.

கலைத் திருவிழா: 2024-25 முதல் தொடக்கப் பள்ளி மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். கதை சொல்வது, மாறுவேடம், வண்ணம் தீட்டுவது போன்ற போட்டிகள் பள்ளி அளவில் தொடங்கி மேலே போகும். மேடையில் கதை சொன்ன பிள்ளைக்கு வாசிப்பிலும் தயக்கம் குறையும்.

வாசிப்பு இயக்கம்: ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளில் சின்னக் கதைப் புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்துள்ளன. 4, 5-ம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழும் உண்டு. “லைப்ரரி புக் என்ன படிச்ச?” என்று வீட்டில் கேட்டாலே போதும்.

உலகப் பாரம்பரிய வாரம்: நவம்பர் 19 முதல் 25 வரை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த மாமல்லபுரம், இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் வகுப்பறை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்களைப் பார்க்க 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அர்ச்சுனன் தபசில் எத்தனை யானை, எத்தனை குரங்கு என்று எண்ணச் சொல்லுங்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எண்ணும் ஆச்சு, எழுத்தும் ஆச்சு.

மூன்றாம் பருவம்: ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வேடந்தாங்கலிலும் அப்போது பறவைகள் இருக்கும். ஒரு ஆமை ஏறக்குறைய 100 முட்டைக்கு மேல் இடும். ஒரு குழியில் 120 என்று வைத்துக்கொண்டால் நான்கு குழியில் எத்தனை? மீனவர் குப்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு புத்தகக் கணக்கை விடச் சீக்கிரம் பிடிபடும்.

வீட்டிலேயே 5 நிமிடத்தில் பார்ப்பது எப்படி?

1. ரெண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முன்பே மனப்பாடம் செய்த பாடமாக இருக்கக் கூடாது.
2. படித்ததில் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள். சொந்த வார்த்தையில் பதில் வருகிறதா?
3. 83-ல் 37 போனால் எவ்வளவு? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தால் 46 என்று வரும். “54” என்றால், பெரிய எண்ணில் இருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டது என்று அர்த்தம்.

‘அசர்’ கல்வி ஆய்வில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் ஏறக்குறைய இதே திறன்களைத்தான்.

தடுமாறினால் என்ன செய்வது?

அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். டீச்சரிடம் போய் “என்ன மார்க்?” என்று கேட்பதற்குப் பதில், “எந்த நிலையில இருக்கான்? போன பருவத்துக்கு இப்ப என்ன மாற்றம்?” என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்திலும் இதே கேள்வியை எழுப்பலாம்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை படிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எளிய பாடத்தைப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அந்த எளிய பாடமும் புரியாமலே ஆறாவதுக்குப் போவதுதான் குறை.