விட்ட தொழில், தொட்ட கை – 8: மீண்டும் சுவரேறும் எழுத்து

ஃப்ளெக்ஸ் அச்சு இயந்திரங்கள் ஊர் ஊராக வந்து இறங்கிய வருடங்களில், போர்டு எழுதிப் பிழைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்கள். சினிமா பேனர் போயிற்று, கடைப் பெயர்ப் பலகையும் போயிற்று. வண்டிக்கு நம்பர் எழுதுவது கொஞ்ச காலம் கைகொடுத்தது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதும் அந்த வருமானமும் வற்றியது. அவர்களில் சிலர் இன்று பள்ளி வேன் ஓட்டுகிறார்கள், சிலர் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கைகளுக்குச் சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மறுபடி வேலை காத்திருக்கிறது. கேட்டு வருபவர்கள் புதிய ஆட்கள்: காபிக் கடை தொடங்கும் இளைஞர்கள், செக்கு எண்ணெய் விற்பவர்கள், பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுபவர்கள். தெருவெல்லாம் ஒரே மாதிரி ஃப்ளெக்ஸ் தொங்கும்போது கையெழுத்துப் பலகைதான் தனியாகத் தெரிகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். இந்தக் கலைக்கு மதிப்பு தேடித் தந்தவர்களில் ஹனீஃப் குரேஷியை மறக்கக் கூடாது. வட இந்தியத் தெரு ஓவியர்களின் எழுத்துகளைச் சேகரித்து, கணினி எழுத்துருக்களாக மாற்றிக் காப்பாற்றியவர். சென்னை கண்ணகி நகரின் சுவர்களை ஓவியங்களால் நிறைத்த ஸ்டார்ட் இந்தியா அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். 2024-இல் காலமானார்.

மதுரையில் ஒரு புதுக் கடைக்குப் பழைய ஓவியர் ஒருவர் பெயர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் எடுத்த பிரிண்டைக் கையில் வைத்திருந்தார். பெயரின் நடுவே ‘ட்ட’ வந்தது. ‘ட’வுக்கு இடதுபக்கக் கோடும் அடிக்கோடும்தான், வலதுபக்க மேல்பகுதி வெறும் வெளி. பிரிண்டில் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. ஓவியர் சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி இரண்டு கோடு அடித்தார். முதல் ‘ட’வின் புள்ளியைக் கோட்டுக்கு மேலே தூக்காமல் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே இறக்கி வைத்தார். அடுத்த ‘ட’வை ஒரு விரலளவு நெருக்கினார். பெயர் கட்டுக்கோப்பாக வந்து நின்றது. “எப்படிண்ணே அளக்காமலே வருது?” என்றார் தம்பி. “கண்ணுதாம்ப்பா அளவு” என்றார் அவர்.

விற்க வேண்டியது அந்தக் கண்ணைத்தான். ஆனால் பழைய ஓவியர்கள் பலரும் விலை கேட்டவுடன், “சதுர அடிக்கு இவ்வளவு” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சதுர அடி இப்போது ஃப்ளெக்ஸ்காரரின் தராசு. அதில் ஏறினால் கை வேலை தோற்றுத்தான் போகும். ஆறடிக்கு இரண்டடிப் பலகையில் நான்கு எழுத்தும் எழுதலாம், நாற்பது எழுத்தும் எழுதலாம். பரப்பு அதே 12 சதுர அடி, உழைப்பு ஒன்றாகுமா? மொத்த வேலைக்கு ஒரே தொகையாகப் பேசுங்கள். மாதிரி வரைந்து காட்டுவதற்குத் தனிப் பணம் வாங்குங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். சாரம் கட்டுவது யார் செலவு என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். பழகிய தொழில், பழகிய ஊர் என்ற கூச்சத்தில் இதைப் பேசாமல் விட்டவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

பொருள் விஷயத்தில் அனுபவசாலிகளுக்கு நான் சொல்ல அதிகமில்லை. இரும்புத் தகட்டுக்கு ரெட் ஆக்சைடு பூசி அதன்மேல் எனாமல் என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. ஈரம் ஏறும் சிமென்ட் சுவரில் மட்டும் பழைய பழக்கத்தில் எனாமலைத் தொடாமல், வெளிச்சுவர் எமல்ஷனுக்கு மாறுவது நல்லது. இல்லையென்றால் கொப்புளம் கட்டி உரியும். கண்ணாடிக் கதவின் உட்புறத்தில் எழுத்தைத் திருப்பி எழுதும் வித்தை தெரிந்தவர்கள் அதை முதலில் சொல்லுங்கள். வெளியிலிருந்து யார் கையும் படாது, மழையும் படாது என்றால் கடைக்காரர்கள் தயங்காமல் பணம் தருவார்கள்.

இன்னொன்றும் கேட்டு வருகிறார்கள்: பழைய லிபி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ‘லை’, ‘னை’ போன்றவற்றுக்குத் துதிக்கை போல வளைந்த வடிவம் இருந்ததே, அது. பாரம்பரியச் சாப்பாடு என்று சொல்லித் தொடங்கும் மெஸ்களுக்கு அந்த வளைவுதான் வேண்டும். பலகையில் அதை நிறுத்தி எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அரசு உதவி என்று பார்த்தால், 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சரும் குயவரும் தையல்காரரும் இருக்கிறார்கள். பெயர்ப் பலகை எழுதுபவர் இல்லை. இது சரியல்ல, சேர்க்கத்தான் வேண்டும். அதுவரை, உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது.

அந்தக் காலத்தில் பலகையின் கீழ் மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், செல்பேசி எண்ணும் சேர்த்து. பேரத்தில் எதைக் குறைத்துக்கொண்டாலும் அந்த மூலையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைக்கு வருபவர்கள் பலகையைப் படமெடுத்துப் போடுகிற காலம் இது; அடுத்த வேலை அந்த மூலையிலிருந்துதான் வரும்.

(தொடரும்)